தூக்காதீங்கடா, நான் வாறன்

என்னை முதலில் கைவிட்டது என் செருப்பு.

கம்பஸ் விடுதியிலிருந்து சாப்பாட்டுக் கடைக்கு நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த என் வகுப்புக்காரன் றிஸ்வான் கூப்பிட்டான். "மச்சான், ஒண்ட செருப்பு அங்க றோட்டில தனியக் கிடக்கு. ரெண்டு பேருக்கும் என்ன கோவம்?"

குனிந்து பார்த்தேன். ஒரு கால் வெறும் கால். செருப்பு கழன்றது தெரியவில்லை. உச்சி வெயிலில் கொதித்துக் கிடந்த தார் சுட்டதும் தெரியவில்லை. புத்தியுள்ளவன் அந்த இடத்திலேயே பயந்திருப்பான். நான் சிரித்தேன். எதற்கும் முதலில் சிரித்துவிட்டுப் பிறகு யோசிப்பது என் வழக்கம். யோசிக்கிற கட்டம் பெரும்பாலும் வருவதேயில்லை.

இதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து வாசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். புத்தகத்தைப் பிடிக்கக் கை எழாதவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டட்டும். நானும் அப்படிக் கிடந்தவன்தான். அப்போது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டதெல்லாம் நோயை வென்ற மகான்களின் கதைகள். அவர்கள் ஒருநாளும் அழவில்லை. தாதியிடம் எரிந்து விழவில்லை. விடியுமுன் எழும்பி உடற்பயிற்சி செய்தார்கள். நான் அந்த ரகம் இல்லை. நம்பி வாசிக்கலாம்.

எனக்கு ஊர் பெரியகல்லாறு. பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஆசிரியராக வேண்டும் என்பது ஒன்றுதான் ஆசை. காரணம் அவ்வளவு உயர்ந்ததல்ல. எனக்கு வாய் நீளம். கதைக்கத் தொடங்கினால் ஆட்கள் மெல்ல எழும்பிப் போய்விடுவார்கள். மணி அடிக்கும்வரை எழும்பிப் போக முடியாத கூட்டம் வகுப்பறையில் மட்டும்தான் இருக்கிறது என்பதைச் சின்ன வயதிலேயே கண்டுகொண்டேன்.

செருப்புக்குப் பிறகு முழங்கால். படியேறும்போது தானாக மடிந்தது. சில வாரங்களுக்கு முன்பு எனக்குக் கடுமையான வயிற்றோட்டம் வந்து மாறியிருந்ததால், உடம்பில் சத்தில்லை என்று எல்லாரும் தீர்ப்புச் சொன்னார்கள். வீட்டுக்குப் போனேன். அம்மா முருங்கையிலைச் சொதி வைத்துத் தந்தார். குடித்துவிட்டு எழும்பப் பார்த்தேன். எழும்ப முடியவில்லை. சொதியில் குற்றமில்லை என்று அம்மாவுக்கு இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்து என் முழங்காலில் தட்டினார். கால் துள்ள வேண்டும். துள்ளவில்லை. மற்றக் காலிலும் தட்டினார். அதுவும் அசையவில்லை.

"டொக்டர், ரெண்டும் நித்திர போல. கொஞ்சம் பலமாத் தட்டுங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஒரே மூச்சில எதுவரைக்கும் எண்ண ஏலும்? எண்ணுங்க பாப்பம்" என்றார்.

எண்ணினேன். சில மணி நேரம் கழித்து வந்து திரும்பவும் எண்ணச் சொன்னார். காலையில் ஓடிய எண்கள் பின்னேரம் நொண்டின. மூச்சை இழுக்கும் தசைகளுக்கும் பலவீனம் ஏறுகிறதா என்று பார்க்கிற சோதனையாம் அது. எனக்கு வந்திருந்தது கில்லன்-பாரே நோய் (கிருமியை அடிக்க வேண்டிய உடலின் எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறித் தன் நரம்புகளையே அடித்துவிடும் நோய். காலில் தொடங்கி மேலே ஏறும்). முதுகுத் தண்டுநீர்ப் பரிசோதனை (கீழ் முதுகில் ஊசி போட்டு, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரை எடுத்துப் பார்ப்பது) செய்து அதை உறுதிப்படுத்தினார்கள்.

டொக்டர் அம்மாவிடம் சொன்னார். "கூடுதலான ஆக்கள் எழும்பி நடப்பாங்க அம்மா. ஆனா எப்ப எண்டு மட்டும் என்னட்டக் கேக்காதீங்க."

அம்மா என் பக்கம் திரும்பினார். "மனே, நீ என்னத்தக் கண்டு இளிச்சிக்கொண்டு கிடக்கிறாய்?"

"முகத்துக்கும் ஏறினாச் சிரிக்க ஏலாதாம் அம்மா. அதான் இப்பவே சிரிச்சி வைக்கிறன்."

அம்மா என் கையில் ஓங்கி ஒரு அடி போட்டார். அந்த அடி பஞ்சு பட்டது போலத்தான் தெரிந்தது. பிறகு அடித்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். அது தெரியவேயில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த நாட்களைப் பற்றி என்னால் பகிடி விட முடியாது. ஆகவே ஒரு பந்தியோடு நிறுத்திக்கொள்கிறேன். மூச்சு இயந்திரத்தினுடையது. இம்யூனோகுளோபுலின் (ஆரோக்கியமானவர்களின் இரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்புப் புரதம்) நாளம் வழியாக ஏறியது. காதுமட்டும் நன்றாகக் கேட்டது. எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து என் எதிரில் பேசியவர்களுக்கு ஒரு வார்த்தை: எல்லாம் கேட்டது.

பிறகு இறங்குமுகம். ஏறிய வழியிலேயே நோய் இறங்கியது. முதலில் மூச்சு, பிறகு கை, கடைசியில் கால். ஏறும்போது பஸ்ஸில் ஏறிய நோய், இறங்கும்போது நடந்து இறங்கியது. வாழைச்சேனையிலிருந்து வந்த இயன்மருத்துவர் ஒருவர் (உடற்பயிற்சியால் அசைவை மீட்டுத் தருபவர்) தினமும் என் காலடியில் நின்று, "பெருவிரல ஆட்டுங்க" என்பார். நான் முகம் சிவக்க முக்குவேன். ஒன்றும் நடக்காது. "நல்லம், நாளைக்கும் ஆட்டுவம்" என்று சொல்லிவிட்டுப் போவார். எது நல்லம் என்று எனக்கு விளங்கவேயில்லை.

ஒருநாள் காலையில் பெருவிரல் ஆடியது. ஓணான் தலையாட்டுவது போல ஒரே ஒரு அசைவு. அம்மா போட்ட சத்தத்தில் அடுத்த கட்டில்காரர் தனக்குத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று எழும்பி உட்கார்ந்துவிட்டார். அன்று வாட்டில் எல்லாருக்கும் என் பெருவிரலைப் பார்க்கக் கிடைத்தது. பார்க்க விரும்பாதவர்களுக்கும் காட்டினோம்.

வீடு, பயிற்சி, வீடு என்று மாதங்கள் போயின. தூரத்துக்குச் சக்கர நாற்காலி, கிட்டத்துக்கு ஊன்றுகோல்கள் என்ற நிலைக்கு வந்தபோது கம்பஸுக்குத் திரும்பினேன். விட்ட பரீட்சைகளை எழுதி, பள்ளிக்கூடம் ஒன்றில் செய்யும் கற்பித்தல் பயிற்சியையும் முடித்தால் என் பட்ச்சோடேயே பட்டம் பெறலாம் என்றார்கள். எனக்கு அந்தப் பயிற்சிதான் கண். பரீட்சை மூளைக்கு. வகுப்பறைதான் வாய்க்கு.

எங்கள் விரிவுரை மண்டபம் மேல்மாடியில். லிஃப்ட் இல்லை. முதல்நாள் படியடியில் நாற்காலியோடு நின்று மேலே அண்ணாந்து பார்த்தேன்.

"அதுக்கென்ன யோசினை? இறக்கடா தோள!" என்றான் கோபி. கோபி சித்தாண்டிக்காரன். கோயில் திருவிழாவில் வருடாவருடம் சாமி தூக்குகிறவன். முன்னுக்கு யார், பின்னுக்கு யார், எந்தத் தோள் உயரம், எந்தத் தோள் கட்டை என்று நிமிடத்தில் ஆள் பிரித்தான். கட்டையானவன் முன்னுக்கு. படியேறும்போது சாமி பின்னால் சாயக்கூடாதாம். "அரோகரா!" என்று கத்தித் தூக்கினார்கள். ஓட்டமாவடி றிஸ்வான் மட்டும் நாற்காலியின் பின் சில்லைப் பிடித்தபடி "ஏலேலோ!" என்றான்.

"மச்சான், நான் தோணி தள்ளுறன் எண்டு நினைச்சித்தான் தள்ளுறன். எங்கட ஊரில ஆராச்சும் கேட்டா நீதான் சாட்சி."

எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா? மேலேயிருந்து எல்லாருடைய உச்சந்தலையும் தெரிந்தது. வழியில் நின்ற முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு வெண்கட்டித் தூளைத் திருநீறாகப் பூசி ஆசீர்வதித்தேன். நேர்த்திக்கடன் கேட்டேன். கன்டீனில் ரோல்ஸ் வாங்கித் தந்தார்கள். படுக்கையில் கிடந்தபோது என்னை ஒருவரும் தேடவில்லையோ என்று ஏங்கியவனுக்கு, தினமும் இரண்டு வேளை வீதியுலா.

அந்த வருடம் எங்களுக்கு உட்படுத்தல் கல்வி என்றொரு பாடம் (உடற்குறை உள்ள பிள்ளைகளையும் மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் வைத்துப் படிப்பிக்கும் முறை). விரிவுரையாளர் அதிகம் பேசாத பெண்மணி. அவரை நாங்கள் மெடம் என்போம். முதல் வகுப்பிலேயே கேட்டார். "விசேட தேவையுள்ள பிள்ளைகள் சாதாரண வகுப்பில படிக்கலாமா? ஓம் எண்டு நினைக்கிறவங்க கைய உயத்துங்க."

முழு வகுப்பும் கை உயர்த்தியது. கோபி இரண்டு கையையும் உயர்த்தினான். "மெடம், நாங்க செய்தே காட்டிற்று வாறம்!" என்று என்னைக் காட்டினான். கைதட்டல். நான் சட்டென்று எழும்ப முடியாததால் இருந்தபடியே கும்பிட்டேன்.

"நல்லம்" என்றார் மெடம். "இவர் எப்ப கீழ இறங்குவார்?"

"நாங்க இறங்கக்குள்ள, மெடம்."

எல்லாரும் சிரித்தோம். எல்லாரையும்விட நான்தான் கூடச் சிரித்தேன்.

பீடங்களுக்கு இடையிலான கிரிக்கெட் போட்டி நடந்த அன்று விரிவுரை முடிந்ததும் வகுப்பு அப்படியே மைதானத்துக்குப் பாய்ந்தது. றிஸ்வானின் ஆட்கள் என்னை இறக்கியிருப்பார்கள் என்று கோபி நினைத்தான். கோபி இல்லாமல் சாமி அசையுமா என்று றிஸ்வான் நினைத்தான். திருவிழா முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது. சாமி மேல்மாடியில்.

என் போன் கோபியின் பையில். தூக்கும்போது விழுந்துவிடும் என்று அவனிடம்தான் கொடுத்து வைப்பேன். கூப்பிட்டுப் பார்த்தேன். மைதானத்தில் யாரோ ஆறு ஓட்டம் அடித்தார்கள். என் குரல் அந்த ஆரவாரத்தோடு போயிற்று. இதெல்லாம் பரவாயில்லை. இருந்து பாட்டுப் பாடியிருப்பேன். ஆனால் கழிப்பறை கீழ்மாடியில். தெய்வங்களுக்கு இல்லாத அந்தப் பிரச்சினை எனக்கு இருந்தது, அதுவும் அவசரமாக.

ஊன்றுகோல்களைப் படியில் உருட்டிவிட்டேன். நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்கினேன். இருந்தபடியே, கைகளை ஊன்றி, பின்பக்கத்தால் ஒரு படி. பிறகு இன்னொரு படி. என் தோள்களுக்கு மாதக்கணக்கில் பயிற்சி தந்த இயன்மருத்துவரை அன்றுதான் மனதாரக் கும்பிட்டேன். பாதி வழியில் எனக்குள் ஏதோ ஒரு குஷி பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போன நாளுக்குப் பிறகு ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்கு யாருடைய கையும் படாமல், யாரையும் கேட்காமல் போவது இதுதான் முதல் தடவை. சத்தமாகச் சிரித்தேன். காற்சட்டையின் பின்பக்கம் கிழிகிற சத்தமும் கேட்டது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன் என்பதை வாசகர் அறிக.

கோபி நினைவு வந்து ஓடிவந்தபோது மேலே வெறும் நாற்காலி. அவன் போட்ட கூக்குரல் கீழே எனக்குக் கேட்டது. "கத்தாதடா, இஞ்ச கீழ்ப் படியில இரிக்கிறன்" என்றேன். பாய்ந்து வந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது.

"எப்படிடா இறங்கின?"

"சாமி தானா எழுந்தருளிற்று."

"விழுந்திருந்தா? மறுகா அம்மாக்கு நான் என்ன பதில் சொல்ற?" அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். என் பக்கத்தில் படியில் குந்தினான்.

அந்தக் குஷியிலேயே நான் கேட்டேன். "கோபி, நம்மட லெக்சரக் கீழ மாத்தச் சொல்லிக் கேப்பமா?"

அவன் முகம் ஒரு மாதிரிப் போயிற்று. "ஏன்? நாங்க தூக்கிறது சரியில்லையா?"

"தூக்கிறது சரி. இறக்கிறதுதான் பிரச்சின."

அவன் சிரிக்கவில்லை. "நாங்க உனக்கு எவ்வளவு செய்யிறம் எண்டு உனக்கு விளங்கல்ல மச்சான். ட்ரெய்னிங்குக்கு நீ ஸ்கூலுக்குப் போகத் தேவல்ல எண்டும் மெடத்தோட கதைச்சி முடிச்சிற்றம். வீட்டில இருந்து ஒப்படை எழுதிக் குடுத்தாக் காணும். உன்ட பாடங்கள நாங்க பாத்துக்கொள்ளுவம்."

"நான் கேட்டனா?"

"நீ எப்படிடா கேப்ப? நீ எல்லாத்துக்கும் இளிப்ப. அங்க பெடியள் உன்ட நடையப் பாத்துச் சிரிப்பானுகள். அதப் பாக்க எனக்கு ஏலா."

எதற்கும் முதலில் சிரிக்கிற எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. இவன் என்னில் உயிரையே வைத்திருக்கிறான். தன் தோளில் என்னைச் சுமக்கிறான். என்னை ஒரு வகுப்பின் முன்னால் நிறுத்திப் பார்க்க மட்டும் அவனால் முடியவில்லை. படிக்கிற பிள்ளை நாற்காலியில் இருக்கலாம். படிப்பிக்கிறவன் இருக்கக்கூடாது. இரண்டு கையையும் உயர்த்தியவன் அவன்.

"என்னக் கூட்டிக்கொண்டு மெடத்திட்டப் போ" என்றேன். "தூக்காத. நான் வாறன்."

மெடத்தின் அறை கீழ்மாடியில், நடைவழியின் கடைசியில். ஊன்றுகோல்களில் போய்ச் சேர்ந்தபோது எனக்கு வியர்த்து ஒழுகியது. காற்சட்டையின் கிழிசலைச் சுவரோடு அணைத்துக்கொண்டு நின்றேன். வீரம் பேச வந்தவன் நிற்கிற கோலம் அதுவல்ல.

"வீட்டில இருந்து எழுதிறது ஒங்களுக்கும் விருப்பம் எண்டுதான் இவங்க சொன்னாங்க" என்றார் மெடம், புருவத்தை உயர்த்தி.

"எனக்கு வகுப்பு வேணும் மெடம். பிள்ளைகள் சிரிச்சாச் சிரிக்கட்டும். எங்கட வீட்டிலயும் என்னப் பாத்துச் சிரிக்கிறதுதான் வேல."

"அங்க தூக்கிறதுக்கு ஆக்கள் இரிக்க மாட்டாங்களே."

"தூக்க ஒருத்தரும் வேணாம். கீழ்மாடில ஒரு வகுப்பும் ஒரு கதிரையும் தந்தாக் காணும்."

மெடம் கோபியைப் பார்த்தார். கோபி நிலத்தைப் பார்த்தான். "சரி, போங்க" என்றார் மெடம் என்னிடம். "ஆனா கோபியும் அதே ஸ்கூல்."

கீழ்மாடியில் உடைந்த கதிரைகள் அடுக்கிக்கிடந்த ஒரு மண்டபம் இருந்தது. நான் மெடத்திடம் கேட்டதில், அதைத் துப்புரவாக்கி எங்கள் விரிவுரைகளை அங்கே மாற்றினார்கள். கதிரைகளைத் தூக்கி வெளியே போட்டது எங்கள் பட்ச்தான். கோபி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே எல்லாரையும்விடக் கூடத் தூக்கினான். புது மண்டபத்தின் முதல் வகுப்பில் மெடம் வேறொரு கேள்வி கேட்டார். "உடற்குறையுள்ள ஒருவர் ஒங்கட பிள்ளைக்கு ஆசிரியரா வந்தா ஓமெண்டுவீங்களா?"

இந்த முறை கைகள் மெல்ல, ஒன்றையொன்று பார்த்துப் பார்த்து எழும்பின.

"றிஸ்வான், ஏன் அவ்வளவு நேரம் யோசிச்ச?"

"அவன்ட கால நினைச்சி யோசிக்கல்ல மெடம். அவன்ட வாய நினைச்சித்தான். என்ட புள்ளையும் அப்படிப் போயிருமோ எண்டு."

மண்டபம் அதிர்ந்தது. கோபி கையை உயர்த்தவில்லை. "எனக்குத் தெரியா மெடம். பயமாக் கிடக்கு" என்றான். முதல்முறை எழுந்த அத்தனை கைகளையும்விட உயராத அந்தக் கையில் எனக்கு நம்பிக்கை வந்தது. அவன் இப்போதுதான் யோசிக்கத் தொடங்கியிருந்தான்.

பள்ளிக்கூடம் வாவிக்கரையில், மாடியில்லாத கட்டடம். வளவு முழுக்க மணல். ஊன்றுகோல் ஒவ்வொன்றும் நண்டு வளைபோலக் குழி போட்டது. கோபி பின்னால் கைகளை நீட்டிக்கொண்டே வந்தான், கோழி பிடிக்க வந்தவன் மாதிரி. "கையக் கீழ போடு, பிள்ளைகள் பாக்குது" என்றேன்.

ஏழாம் வகுப்பு, கணிதம், பின்னம். கோபி பின்வரிசையில் இருந்து என் பாடத்தை அவதானிக்க வேண்டும். வாசலில் நுழைந்தபோது எனக்கு இருந்த படபடப்பு தீவிர சிகிச்சைப் பிரிவிலும் இருந்ததில்லை. அங்கே என்னிடம் ஒருவரும் எதுவும் எதிர்பார்க்கவில்லை.

ஊன்றுகோல்களைச் சுவரில் சாத்தி, மேசையைப் பிடித்து, கரும்பலகைக்குப் போனேன். என்னால் பலகையின் கீழ்ப்பாதியில்தான் எழுத முடியும். "சேர், மறைக்குது!" என்று பின்வரிசை கத்தியது. "எழும்பி நிண்டு பாருங்க!" என்று நானும் கத்தினேன். எழும்பினார்கள். உட்கார்ந்திருந்த வாங்குகள் கிறீச்சிட்டன. அந்த இரைச்சலில் நான் திரும்பினேன்.

வாங்குகளுக்கு நடுவில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பிள்ளை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். தோளைச் சரித்து, காலை இழுத்து, என் நடை. வகுப்பு வாயைப் பொத்திக் குலுங்கியது. நான் பார்ப்பதைக் கண்டதும் அவளைத் தவிர எல்லாரும் படாரென்று உட்கார்ந்தார்கள். பின்னால் கோபி பாதி எழும்பிவிட்டான். அவன் முகம் செக்கச்சிவந்திருந்தது. நான் அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று.

"பேர் என்ன?"

"யதுர்ஷிகா, சேர்."

"நடந்தது பிழை, யதுர்ஷிகா. நீ வலது கால இழுக்கிறாய். எனக்கு இடது. திருப்பி நட."

அவள் கண்ணை விரித்துப் பார்த்தாள்.

"நட, நட. தோளக் கொஞ்சம் கூடச் சரி. பெருவிரல் முதல்ல நிலத்தில படணும், மறுகாதான் குதிக்கால். இஞ்ச பார்." நானும் வாங்கைப் பிடித்துக்கொண்டு அவளோடு நடந்தேன். அவள் இடது காலை இழுத்தாள். நன்றாகவே இழுத்தாள். வகுப்பு வெடித்தது. "சேர், நான்! சேர், எனக்கும்!" என்று நாலு பக்கமும் கை. பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கோபி மெல்ல உட்கார்ந்தான். பிறகு லேஞ்சியால் முகத்தைத் துடைத்தான்.

"சரி, சரி. இப்ப பாதிக்கும் காலுக்கும் வாங்க. என்ட கால் இல்ல, கணக்கில வாற கால்" என்றேன்.

அதுவரை என் நடையை நான் உள்ளிருந்துதான் அறிந்திருந்தேன், பாரமாக, வலியாக, எங்கே விழுவேனோ என்ற கணக்காக. வெளியிலிருந்து பார்த்தது அந்தப் பிள்ளை நடந்துகாட்டியபோதுதான். அது ஒரு நடை. கொஞ்சம் எடுப்பாகவும் இருந்தது. உடம்பு திரும்பி வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, வந்து சேர்ந்தது இதுதான் என்று. பழையதை இனி நான் எதிர்பார்த்திருக்கத் தேவையில்லை.

நேரமும் மாறிவிட்டது. மேசையிலிருந்து பலகைக்குப் போவது முன்பு ஒரு வேலையே இல்லை. இப்போது அது ஒரு பயணம். நான் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் ஒரு கணக்கைச் செய்து முடித்துவிடுகிறார்கள். பிழையாகச் செய்து முடிக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு ஒரு பையன் என் முகத்துக்கு நேரே கொட்டாவி விட்டான். இரண்டு பேர் அழிறப்பருக்குச் சண்டை பிடித்தார்கள். பின்னம் ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கு நிலைகொள்ளவில்லை. நான் ஆசிரியர்!

மணி அடித்தது. முழு வகுப்பும் என்னைத் தாண்டி ஓடியது. ஒருவரும் எனக்காக நிற்கவில்லை. யதுர்ஷிகா ஓடுகிற ஓட்டத்தில் சுவரில் சாத்தியிருந்த ஊன்றுகோல்களைத் தட்டி விழுத்திவிட்டு, "சொறி சேர்!" என்று கத்திக்கொண்டே வெளியே போனாள். கோபி பின்வரிசையிலிருந்து எழும்பினான். ஊன்றுகோல்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அப்படியே நின்றான்.

நான் மேசையைப் பிடித்துக் குனிந்து, அவற்றை எடுத்து, இடைவேளைக்குப் போனேன்.